கிட்டார் நெக்கின் சாய்வு: பிரிட்ஜில் தொடங்கும் கணக்கு

எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்றை மேசைமேல் படுக்க வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை என்றால் உடல்பகுதியான பாடியின் மேற்பரப்பும், அதிலிருந்து நீளும் கழுத்தான நெக்கும் தண்டவாளம் போல இணையாகப் போகும். கிப்சன் லெஸ் பால் வகை என்றால், பாடியை விட்டு வெளியே வந்த நெக் மெல்லப் பின்பக்கம் சாய்ந்து மேசையை நோக்கி இறங்கும். இந்தச் சாய்வைத்தான் நெக் ஆங்கிள் என்கிறார்கள். பார்வைக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இந்தச் சிறிய சாய்வு தப்பினால், எவ்வளவு நல்ல மரத்தில் செய்த கிட்டாரானாலும் விரலுக்கு இணங்காது.

வீட்டில் கிட்டார் செய்யத் தொடங்குபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை டிகிரி வைக்க வேண்டும்?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். ஒருவர் 3 என்றார், ஒருவர் 4 என்றார், இன்னொருவர் சாய்வே வேண்டாம் என்றார். மூவரும் சொன்னது அவரவர் செய்த கிட்டாருக்குச் சரி. கடைசியில் எளிய வழி என்று நினைத்து, தட்டையான பாடியில் தட்டையாகவே குழி எடுத்து நெக்கைத் திருகாணியால் பொருத்தினேன். பாடியின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாகமான பிரிட்ஜ் மட்டும் கிப்சன் பாணியிலான டியூன்-ஓ-மேட்டிக் வகை. அதன் தோற்றம் எனக்குப் பிடித்திருந்தது.

கம்பி மாட்டிய அன்று மாலை நடந்தது நன்றாக நினைவிருக்கிறது. கம்பி உயரமாக இருந்ததால் பிரிட்ஜின் இரு பக்கத்துச் சக்கரங்களையும் திருகி இறக்கினேன். இன்னும் உயரம். மீண்டும் இறக்கினேன். ஒரு கட்டத்தில் சக்கரம் மரத்தைத் தொட்டு நின்றுவிட்டது. அதற்குக் கீழே இடமில்லை. நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் 12ஆவதன் மேல், கம்பிக்குக் கீழே அளந்தால் 3 மி.மீ.க்கு மேல். ஏறத்தாழ 1.6 மி.மீ. இருக்க வேண்டிய இடம் அது. அழுத்தினால் விரல் வலித்தது. கம்பி அவ்வளவு தூரம் இழுபட்டு இறங்கியதால் சுருதியும் கூடி ஒலித்தது.

அடுத்த நாள் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் தச்சரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கிட்டார் பற்றி அவருக்குத் தெரியாது. பாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், "இந்தக் கம்பி உட்காருகிற இரும்பு எப்போது வாங்கினது?" என்று கேட்டார். மர வேலை முடிந்த பிறகு வாங்கினேன் என்றேன். "பூட்டைக் கையில் வாங்காமல் கதவில் குழி எடுப்போமா தம்பி?" என்றார்.

நெக் ஆங்கிள் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான பாடம் அந்த ஒரு கேள்விதான். டிகிரி என்பது கணக்கின் கடைசியில் கிடைக்கும் விடை. கணக்கு தொடங்குவது பிரிட்ஜின் உயரத்தில்.

கோணம் எதற்காக?

கம்பி இரண்டு இடங்களில் மட்டும் தாங்கி நிற்கிறது: தலைப்பக்கம் நட் என்ற சிறு தாங்குகட்டை, பாடியில் பிரிட்ஜின் மேல் கம்பி உட்காரும் சேடில். நடுவில் அது நேர்கோடு. அந்த நேர்கோட்டுக்குக் கீழே, சிறிய இடைவெளி விட்டு, ஃபிரெட்டுகளின் முகடுகள் எல்லாம் சேர்ந்து இன்னொரு தளம் அமைகின்றன. ஃபிரெட் தளம் என்று அதை அழைப்போம். நட்டுக்குப் பக்கத்தில் கம்பிக்கும் இந்தத் தளத்துக்கும் இடையே அரை மி.மீ. போதும். 12ஆம் ஃபிரெட்டில் சுமார் 1.6 மி.மீ. வேண்டும். 12ஆம் ஃபிரெட் நட்டுக்கும் சேடிலுக்கும் சரிபாதியில் இருக்கிறது. ஆகவே அரை மி.மீ.யில் தொடங்கிய கம்பி பாதி வழியில் 1.6க்கு வந்தால், முழு வழியில், அதாவது சேடிலில், 2.7 மி.மீ.க்கு வந்திருக்கும்.

ஃபிரெட் தளத்தை ஒரு நீண்ட அளவுகோலால் பிரிட்ஜ் வரை நீட்டிப் பார்த்தால், சேடிலின் உச்சி அதற்கு மேல் சுமார் 2.7 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நெக் ஆங்கிளின் வேலை முழுவதும் இதுதான். பிரிட்ஜ் உயரமானது என்றால், நெக்கைப் பின்னால் சாய்த்து அந்தக் கற்பனைத் தளத்தைப் பிரிட்ஜ் பக்கம் உயர்த்துகிறோம். பிரிட்ஜ் தாழ்வானது என்றால் சாய்க்கத் தேவையில்லை.

வீணையில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்கிறது. அதில் 24 மெட்டுகளும் மெழுகில் பதிந்திருக்கின்றன. மேளம் கட்டுபவர், அதாவது மெட்டுகளைப் பதிப்பவர், ஒவ்வொரு மெட்டையும் தந்திக்கு ஏற்ற உயரத்தில் அமைத்துவிடலாம். கிட்டாரில் ஃபிரெட்டுகள் மரத்தில் அடித்து இறக்கப்பட்டவை. அவற்றை நகர்த்த முடியாது என்பதால் முழு நெக்கையும் சாய்க்கிறோம்.

ஃபெண்டருக்கு ஏன் சாய்வு இல்லை?

லியோ ஃபெண்டர் 1950இல் விற்பனைக்குக் கொண்டுவந்த, பின்னாளில் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறிய கிட்டாரும், 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் தொழிற்சாலையில் விரைவாகச் செய்யத்தக்க வடிவங்கள். பாடி ஒரு தட்டைப் பலகை. நெக்கின் அடிப்பாகம் 25.4 மி.மீ. கனம், அது உட்காரும் குழி 15.9 மி.மீ. ஆழம். ஆகவே ஃபிரெட்டுகள் பதிந்த பலகையான ஃபிரெட்போர்டு, பாடியின் மேற்பரப்பைவிட 9.5 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. அதோடு ஃபிரெட்டின் உயரம் 1.1 மி.மீ., கம்பிக்கான 2.7 மி.மீ. இரண்டையும் கூட்டினால் 13.3 மி.மீ. ஃபெண்டரின் தட்டையான பிரிட்ஜில் சேடில்கள் எளிதில் எட்டக்கூடிய உயரம் அது. நெக்கைச் சாய்ப்பதற்குப் பதில் அப்படியே தூக்கி வைத்துவிட்டார்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு அந்த வடிவத்தின் மேல் எனக்கு மரியாதை பல மடங்கு கூடியது.

என் முதல் கிட்டார் தவறியதும் இங்கேதான். அதில் ஃபிரெட்போர்டின் கனம், அதாவது 6 மி.மீ., மட்டுமே பாடிக்கு மேல் தெரிந்தது. ஃபிரெட் 1.2 மி.மீ. சேர்த்தால் தளம் 7.2 மி.மீ.யில் இருந்தது. என் பிரிட்ஜோ முழுவதும் இறக்கிய நிலையிலேயே 13 மி.மீ. உயரம். இடையே 5.8 மி.மீ. இருந்தது, வேண்டியது 2.7தான். சாய்வு வைத்திருக்க வேண்டும், அல்லது நெக்கைத் தூக்கியிருக்க வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை.

1952ஆம் ஆண்டு லெஸ் பால்

பெரிய நிறுவனத்துக்கும் இந்தக் கணக்கு தவறியிருக்கிறது. கிப்சன் 1952இல் வெளியிட்ட முதல் லெஸ் பால் கிட்டாரில், பிரிட்ஜும் கம்பியின் முனைகளைப் பிடிக்கும் டெயில்பீஸும் ஒரே பாகமாக இருந்தன. கம்பிகள் அந்தப் பாகத்தின் குறுக்குத் தண்டின் மேலாகச் செல்ல வேண்டும் என்பது அதை வடிவமைத்த கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் எண்ணம். ஆனால் நெக்கின் சாய்வு குறைவாக இருந்ததால் மேலாகக் கட்டினால் கம்பிகள் மிக உயரமாக நின்றன. வேறு வழியின்றித் தண்டுக்கு அடியில் கம்பிகளைச் செலுத்தினார்கள். வலது உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜில் வைத்துக் கம்பியின் ஓசையை அடக்கி வாசிக்கும் முறை அந்தக் கிட்டாரில் கைகூடவில்லை. தண்டு மேலே, கம்பி கீழே என்றால் கையை எங்கே வைப்பது?

1953இல் நெக்கின் சாய்வைக் கூட்டி, கம்பிகள் மேலாகச் சுற்றிவரும் வேறு டெயில்பீஸைப் பொருத்தினார்கள். 1954இல் லெஸ் பால் கஸ்டம் மாடலில் டியூன்-ஓ-மேட்டிக் பிரிட்ஜ் வந்தது. அடுத்த ஆண்டு தங்க நிற மாடலுக்கும் வந்தது. அந்தச் சாய்வு பொதுவாக 4 முதல் 5 டிகிரி வரை என்பார்கள்.

இந்த எண்ணைக் கேட்டதும் அப்படியே எடுத்துத் தட்டைப் பாடியில் வைத்துவிடாதீர்கள். லெஸ் பாலின் மேற்பரப்பு ஆமையின் ஓடு போல நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்தது. பிரிட்ஜ் அந்த மேட்டின் மேல் நிற்கிறது. மேட்டின் உயரத்தையும் பிரிட்ஜின் உயரத்தையும் சேர்த்து எட்ட வேண்டியிருப்பதால்தான் அவ்வளவு சாய்வு. தட்டைப் பாடியில் அதே பிரிட்ஜுக்குப் பெரும்பாலும் 1 முதல் 3 டிகிரி போதுமானது. சரியாக எவ்வளவு என்பதை உங்கள் படம் சொல்லும்.

படம் வரைந்தால் கோணமிதிகூட வேண்டாம்

முக்கோணவியல் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. முழு அளவில் ஒரு பக்கவாட்டுப் படம் போதும். மரநாரை அழுத்திச் செய்த பழைய எம்.டி.எஃப். பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழுப்புத் தாள் இழுத்தால் நீளும் என்பதால் எனக்குப் பலகையே பிடிக்கும். என் கிட்டாரின் அளவுகளையே வைத்துக் காட்டுகிறேன். கம்பி நீளம் 628 மி.மீ., அதாவது கிப்சன் அளவு. பாடியின் விளிம்பு 16ஆம் ஃபிரெட்டில் வருகிறது.

நீளமாக ஒரு கோடு. அது பாடியின் மேற்பரப்பு. அதில் பாடியின் விளிம்பைக் குறியுங்கள். அங்கிருந்து 249 மி.மீ. தள்ளி பிரிட்ஜ், 16ஆம் ஃபிரெட்டிலிருந்து சேடில் வரை உள்ள தூரம் அது. இப்போது விளிம்பில் மேலே 7.2 மி.மீ. உயரத்தில் ஒரு புள்ளி. இது ஃபிரெட்போர்டும் ஃபிரெட்டும் சேர்ந்த உயரம்.

அடுத்து பிரிட்ஜ் புள்ளி. காலிப்பரை எடுத்து, கையில் இருக்கும் பிரிட்ஜை அளந்து பாருங்கள். விற்பவரின் அட்டவணையை நம்ப வேண்டாம். முழுவதும் இறக்கிய நிலையில் மரத்திலிருந்து சேடில் உச்சி வரை எவ்வளவு? எனக்கு 13. அந்தக் கடைசி நிலைக்கே கணக்குப் போட்டால் பின்னால் இறக்க இடமிருக்காது. ஆகவே 2 மி.மீ. கூட்டி 15 என்று வைத்தேன். அதில் 2.7ஐக் கழித்தால் 12.3. பிரிட்ஜ் இருக்கும் இடத்தில் 12.3 மி.மீ. உயரத்தில் இரண்டாவது புள்ளி.

இரண்டு புள்ளிகளையும் இணைத்து, கோட்டை நட் வரை நீட்டுங்கள். அதுதான் ஃபிரெட் தளம். அதற்கு இணையாகக் கீழே ஃபிரெட்டின் உயரத்தையும் நெக்கின் கனத்தையும் கழித்து ஒரு கோடு போட்டால், குழியின் அடித்தளம் எங்கே, எந்தச் சாய்வில் இருக்க வேண்டும் என்பது கண்ணெதிரே வந்துவிடும். எண்ணாக வேண்டும் என்றால், 249 மி.மீ. தூரத்தில் 5.1 மி.மீ. ஏற்றம்; ஏறத்தாழ 1.2 டிகிரி. இந்தத் தூரத்தில் ஒரு டிகிரி என்பது 4.3 மி.மீ. என்று நினைவில் வைத்துக்கொண்டால் மனக்கணக்காகவே போடலாம்.

ஆறுதலான செய்தி ஒன்றும் இதே எண்ணில் இருக்கிறது. கால் டிகிரி தவறினால் பிரிட்ஜில் 1.1 மி.மீ. வித்தியாசம்தான் வரும். 12ஆம் ஃபிரெட்டில் அதில் பாதி. பிரிட்ஜைச் சற்று ஏற்றியோ இறக்கியோ அதைச் சரிசெய்துவிடலாம். அரை டிகிரி பிசகினால்தான் நாம் விட்டுவைத்த 2 மி.மீ. இடம் தீர்ந்துபோகும். ஆகவே கை நடுங்க வேண்டியதில்லை. ஆனால் படம் வரையாமல் வெட்டக் கூடாது.

மரத்தில் கொண்டுவருவது

திருகாணியால் பொருத்தும் நெக்கில் குழியின் தரையைச் சாய்வாக வெட்டுவது வழக்கம். ஒட்டும் நெக்கில், குழிக்குள் நுழையும் நெக்கின் நாக்கையோ குழியையோ சாய்வாகச் செய்வார்கள். நெக் பாடியின் முழு நீளத்துக்கும் ஓடும் வகைக் கிட்டாரில், மரக் கட்டையை அறுக்கும்போதே சாய்வு வந்துவிட வேண்டும். அதில் பிறகு திருத்த வழியில்லை என்பதால் முதல் கிட்டாருக்கு அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

குழியை ரவுட்டரால் எடுக்கும்போது ரவுட்டர் ஓடும் சட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் ஆப்பு வைத்தால் போதும். 300 மி.மீ. நீளச் சட்டத்தில் ஒரு முனையை 6 மி.மீ. உயர்த்தினால் நமக்கு வேண்டிய 1.2 டிகிரி கிடைக்கும். எந்த முனையை? இங்கேதான் நிதானம் தேவை. நெக் பின்னால் சாய வேண்டும் என்றால் குழியின் தரை பாடியின் விளிம்பில் ஆழமாகவும், பிரிட்ஜ் பக்கம் ஆழம் குறைந்தும் இருக்க வேண்டும். ஆகவே பிரிட்ஜ் பக்கத்து முனைதான் உயர வேண்டும். தலைகீழாக வைத்தால் நெக் முன்னால் கவிழும். கம்பி இன்னும் உயரும். சட்டத்தின் மேல் பென்சிலால் அம்புக்குறி போட்டு, முதலில் வெட்டுத்துண்டு ஒன்றில் செய்து பாருங்கள்.

வெட்டியதும், ஒட்டும் முன், நெக்கைக் குழியில் வைத்து இடுக்கியால் பிடித்துக்கொண்டு, 1 மீட்டர் அலுமினிய மட்டக்கோலை ஃபிரெட்டுகளின் மேல் கிடத்துங்கள். பிரிட்ஜ் வரப்போகும் இடத்தில் கோலின் அடிக்கும் பாடிக்கும் இடையே 12.3 மி.மீ. இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ஃபிரெட் இன்னும் அடிக்கவில்லை என்றால் 11.1 மி.மீ. இந்தச் சோதனைக்கு 2 நிமிடம் ஆகும். செய்யாமல் ஒட்டிவிட்டால் நெக்கை ஆவி காட்டிப் பிரிக்க வேண்டிவரும்.

ஏற்கெனவே செய்து முடித்த கிட்டாரில் தவறு தெரிந்தால், திருகாணி நெக்குக்கு ஆப்பு உதவும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பழைய ஃபெண்டர் கிட்டார்களின் நெக்கைக் கழற்றினால் தொழிற்சாலையிலேயே வைத்த மெல்லிய தகட்டுத் துண்டுகளைக் காணலாம். 1970களின் தொடக்கத்தில் அந்த நிறுவனம், நெக்கைக் கழற்றாமலே பின்பக்கத்துத் துளை வழியாகச் சிறு திருகைத் திருப்பிச் சாய்வை மாற்றும் வசதியையும் கொண்டுவந்தது.

குழியின் ஓர் ஓரத்தில் மட்டும் அட்டைத் துண்டு வைத்தாலும் சாய்வு வரும். ஆனால் நடுவில் வெற்றிடம் விழும்; திருகாணி இழுக்க இழுக்க நெக்கின் அடி அந்த வெற்றிடத்துக்குள் வளையப் பார்க்கும். ஆண்டுகள் கழித்துக் கடைசி ஃபிரெட்டுகள் மேலெழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று பழுதுபார்ப்பவர்களில் பலர் சொல்கிறார்கள். என் விருப்பம், குழியின் முழு அளவுக்கும் வரும், ஒரு முனை கனமாகவும் மறுமுனை ஒன்றுமில்லாமலும் தேய்ந்த மர ஆப்பு. என் கிட்டாருக்குக் குழியின் நீளம் 76 மி.மீ.; பிரிட்ஜ் பக்கம் 1.5 மி.மீ. கனம் தேவைப்பட்டது. தேக்குச் சில்லு ஒன்றை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, மெல்லிய முனை வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு வந்ததும் நிறுத்தினேன். பொருத்திய பிறகு பிரிட்ஜை 2 மி.மீ. ஏற்ற வேண்டியிருந்தது. 12ஆம் ஃபிரெட்டில் 1.6.

குழப்பிக்கொள்ளக் கூடாதவை

தலைப்பகுதியின் சாய்வு வேறு. கிப்சனின் தலைப்பகுதி நெக்கிலிருந்து 17 டிகிரி பின்னால் மடங்கியிருப்பதைப் பார்த்து அதையே நெக் ஆங்கிள் என்று எண்ணுபவர்கள் உண்டு. அது நட்டின் மேல் கம்பி அழுந்தி நிற்பதற்காக. நெக்குக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற இரும்புத் தண்டால் திருத்துவது நெக்கின் வளைவை. கம்பிகள் சேர்ந்து சுமார் 45 கிலோ எடைக்கு இழுப்பதால் வரும் வளைவு அது. சாய்வு தவறிய கிட்டாரில் டிரஸ் ராடை முறுக்கிக் கம்பியை இறக்கப் பார்ப்பது தண்டை உடைப்பதில் முடியலாம். சாய்வு கூடினால் ஓசை நீண்டு நிற்கும் என்பதையும் அடிக்கடி கேட்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. பிரிட்ஜைத் தாண்டிக் கம்பி எவ்வளவு கூர்மையாகக் கீழிறங்குகிறது என்பதைப் பெரும்பாலும் டெயில்பீஸின் உயரம்தான் தீர்மானிக்கிறது.

சாய்வால் உயரம் மாறும் இன்னொரு பாகம், கம்பியின் அதிர்வை மின் சைகையாக்கும் பிக்கப். கம்பி பாடியிலிருந்து விலகி உயர்ந்துகொண்டே பிரிட்ஜை நோக்கிப் போவதால், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் உயரமாக நிற்க வேண்டும். லெஸ் பால் ஒன்றை அடுத்த முறை பார்க்கும்போது இரு பிக்கப்புகளையும் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டங்களைக் கவனியுங்கள்: நெக் பக்கத்தில் உள்ளது தாழ்வு, பிரிட்ஜ் பக்கத்தில் உள்ளது உயரம். பக்கவாட்டுப் படத்தில் கம்பிக் கோட்டையும் வரைந்து வைத்திருந்தால், எந்த உயரச் சட்டம் வாங்க வேண்டும் என்பதையும் அதிலேயே அளந்துவிடலாம்.